எத்தனை என்பதை மறைக்கலாம், எது என்பதை மறைக்கலாமா? – படைக்கருவிகளின் தொடரிலக்கம் பற்றி

ஓர் இராணுவத்திடம் ஏற்கெனவே சில ஆயிரம் வாகனங்களும் பீரங்கிகளும் வோக்கிகளும் துவக்குகளும் இருக்கின்றன. சில விலைக்கு வாங்கியவை, சில நன்கொடையாக வந்தவை, சில எதிரியிடம் பிடித்தவை. ஒவ்வொன்றிலும் அதைச் செய்த தொழிற்சாலை ஓர் இலக்கத்தைப் பொறித்திருக்கும். ஆனால் இரண்டு நாட்டுத் தொழிற்சாலைகள் ஒரே இலக்கத்தைப் பொறித்திருக்கலாம். சிலவற்றில் இலக்கம் தேய்ந்துபோயிருக்கும். சிலவற்றில் எழுத்தே வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் இனி ஒரே முறையில் இலக்கமிட வேண்டும். எந்த முறையில் இடுவது?

கேட்பதற்கு இது களஞ்சியப் பொறுப்பாளரின் வேலை போலத்தான் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டு போனால் முடிந்தது. போருக்குப் பின்னர் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சில வருடங்கள் பதிவேடு எழுதியவன் நான். டிடெக்டர், முகக்கவசம், மார்புக்கவசம், முதலுதவிப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் 001இலிருந்து தொடங்கி வரிசையாக இலக்கம் எழுதினோம். எங்களிடம் எத்தனை டிடெக்டர் இருக்கிறது என்று யாராவது கணக்குப் பார்த்தால் எங்களுக்கு என்ன நட்டம்? ஓர் இராணுவத்துக்கு அப்படியல்ல.

இது எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் குண்டு எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, அந்த வாகனம் எந்த முகாமுக்குரியது என்று எம்மவர்கள் கேட்கும்போதெல்லாம் கிடைக்கும் பதில் ‘தேசிய பாதுகாப்பு’. படையின் பலத்தை வெளியே சொல்ல முடியாது என்பது அதன் பொருள். அந்தப் பதிலில் ஒரு பகுதி நியாயமானது. எந்தப் பகுதி நியாயம், எந்தப் பகுதி வெறும் சாட்டு என்று பிரித்தறிவதற்கு இலக்கமிடும் முறைகளைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது உதவும். நியாயமான பகுதியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜேர்மன் டாங்கிகளின் கணக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி மாதமொன்றுக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்பது நேச நாடுகளுக்குத் தலையிடியாக இருந்த கேள்வி. ஒற்றர்கள் சொன்ன எண்ணிக்கை மிகப் பெரியது. 1940 யூன் மாதத்துக்கு அவர்கள் சொன்னது 1000. 1941 யூனுக்கு 1550. 1942 ஓகஸ்ட்டுக்கும் 1550.

1943இன் தொடக்கத்தில், இலண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவைச் சேர்ந்தவர்கள் வேறொரு வழியில் போனார்கள். போர்க்களத்தில் கைப்பற்றிய டாங்கிகளிலிருந்த இலக்கங்களை எழுதி எடுத்தார்கள். டாங்கியின் அடிச்சட்டத்தில் ஓர் இலக்கம், இயந்திரத்தில் ஓர் இலக்கம், கியர்ப்பெட்டியில் ஓர் இலக்கம். அடிச்சட்ட இலக்கங்களில் இடையிடையே வெற்றிடங்கள் இருந்தன. ஆனால் கியர்ப்பெட்டி இலக்கங்கள் முறியாத வரிசையில் ஓடின. ஒழுங்குக்குப் பேர்போன ஜேர்மனியரின் ஒழுங்கே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

கணக்கு கடினமானதல்ல. கையில் ஐந்து இலக்கங்கள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: 12, 31, 47, 68, 90. மிகப் பெரியது 90. ஆகவே குறைந்தது 90 டாங்கிகள் செய்யப்பட்டிருக்க வேண்டும். 90க்கு மேல் எத்தனை என்பதுதான் கேள்வி. 1 முதல் 90 வரை நாம் காணாத இலக்கங்கள் 85. அவை ஐந்து இடைவெளிகளில் கிடக்கின்றன. சராசரியாக ஓர் இடைவெளிக்கு 17. 90க்கு மேலேயும் அதேயளவு இடைவெளி இருக்கும் என்று எடுத்தால் மொத்தம் 107. அவ்வளவுதான். ஐந்து டாங்கியைப் பார்த்தவன் நூற்றேழு டாங்கியை எண்ணிவிடுகிறான்.

இந்த முறையில் 1940 யூனுக்குக் கிடைத்த எண்ணிக்கை 169. 1941 யூனுக்கு 244. 1942 ஓகஸ்ட்டுக்கு 327. போர் முடிந்தபின் ஜேர்மனியரின் சொந்தப் பதிவேடுகள் கிடைத்தபோது பார்த்தால், உண்மை முறையே 122, 271, 342. ஒற்றர்கள் ஆயிரக்கணக்கில் சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். சில்லுகளையும் விட்டுவைக்கவில்லை. சில்லின் வார்ப்பில் அச்சின் இலக்கம் இருக்கும். இரண்டே இரண்டு பந்தர் டாங்கிகளின் சில்லுகளை ஆராய்ந்து, எத்தனை அச்சுகள் பாவனையில் இருந்திருக்கும் என்று கணித்து, ஓர் அச்சிலிருந்து மாதத்துக்கு எத்தனை சில்லு வார்க்கலாம் என்று பிரித்தானிய உற்பத்தியாளர்களிடம் கேட்டு, 1944 பெப்ரவரிக்கு 270 டாங்கி என்று முடிவுக்கு வந்தார்கள். பதிவேட்டில் இருந்தது 276. ரகிள்ஸ், புரோடி என்ற இருவர் 1947இல் இந்த வேலையை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். இன்று பல்கலைக்கழகங்களில் புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பாடம்.

ஆகவே இராணுவமொன்று தன் எண்ணிக்கையை மறைக்க விரும்புவதில் பிழையில்லை. வரிசையாக இலக்கமிட்டால் எண்ணிக்கை வெளியே போகும் என்பது கற்பனைப் பயம் அல்ல.

பழைய தந்திரங்கள்

எண்ணிக்கையை மறைக்க ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்து பார்த்திருக்கிறார்கள். மிக எளியது தொடக்கத்தைத் தள்ளிப்போடுவது. ஜேர்மன் தொழிலாளர் கட்சி என்ற சிறு கட்சி தன் உறுப்பினர் இலக்கத்தை 501இலிருந்து தொடங்கியது. ஹிட்லர் அதில் சேர்ந்தபோது கிடைத்த இலக்கம் 555. அறைக்குள் இருந்தது ஐம்பது அறுபது பேர், அட்டையில் ஐந்நூற்றுக்கு மேல். இது பெரிதாய்க் காட்டும் தந்திரம், மறைக்கும் தந்திரம் அல்ல. நாலைந்து அட்டைகளைப் பார்ப்பவன் மிகச் சிறிய இலக்கத்தையும் கவனித்தால் தொடக்கம் எங்கே என்று ஊகித்துவிடுவான்.

1980இல் அமெரிக்கக் கடற்படை புதிய சீல் அணியொன்றை அமைத்தபோது இருந்தவை இரண்டு அணிகள்தாம். புதிய அணிக்கு அதன் தளபதி வைத்த பெயர் ஆறாவது அணி. மற்ற மூன்றும் எங்கே என்று சோவியத் உளவாளிகள் தேடட்டும் என்பது எண்ணம். ஓரிரு பெயர்ப்பலகைக்கு இது சரி. ஆறாயிரம் துவக்குக்குச் சரிவராது.

பிரித்தானிய வான்படை 1937 தொடக்கம் செய்தது இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. விமானங்களுக்கு இலக்கம் ஒதுக்கும்போது இடையிடையே பெரிய வெற்றிடங்களை விட்டார்கள். கொஞ்ச இலக்கங்கள் பாவிப்பது, பிறகு ஒரு துண்டைத் தாண்டுவது, மீண்டும் கொஞ்சம். ஜேர்மனியர் தமது துவக்குகளில் செய்தது வேறு: நாலிலக்க எண் முடிந்ததும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடியும் தொடங்கினார்கள், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொடங்கினார்கள், தொழிற்சாலையின் பெயருக்குப் பதிலாகக் குறியெழுத்தைப் பொறித்தார்கள். இவை எல்லாமே எதிரியின் வேலையைக் கடினமாக்கும். ஆனால் போதுமான துவக்குகள் கைக்கு வந்தால் ஒழுங்கு வெளிப்பட்டுவிடும். வெற்றிடம் விடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டல்லவா, மனிதன் கையால் விட்டது.

பேசும் இலக்கமும் ஊமை இலக்கமும்

எமது நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய அடையாள அட்டையின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். சோதனைச் சாவடியில் நின்றவன் அட்டையைத் திருப்பிப் பார்க்காமலே வயதையும் பாலையும் வாசித்தான். இதைத்தான் நான் பேசும் இலக்கம் என்கிறேன். தன்னை வைத்திருப்பவரைப் பற்றி, கேட்காமலே எவருக்கும் சொல்லிவிடும் இலக்கம்.

களஞ்சியங்களில் வேலை செய்பவர்களுக்குப் பேசும் இலக்கத்தில் பெரிய ஆசை உண்டு. முதல் எழுத்து வகை, அடுத்தது வாங்கிய ஆண்டு, அடுத்தது முகாம், கடைசியில் வரிசை எண் என்று அடுக்குவார்கள். பார்த்தவுடன் விளங்கும், வசதி. ஆனால் படைக்கருவிக்கு இது இரண்டு வகையில் கெடுதல். ஒன்று, எதிரியும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வான். மன்னாரில் இருக்க வேண்டிய வாகனம் முல்லைத்தீவு வீதியில் கிடந்தால், படை நகர்ந்திருக்கிறது என்பதை இலக்கமே சொல்லும். இரண்டு, பொருள் இடம் மாறும், இலக்கம் மாறாது. ஐந்து வருடத்தில் பாதி இலக்கங்கள் பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் இலக்கத்தை விடச் சொல்லாத இலக்கம் நல்லது.

வகையை மட்டும் சொல்லும் எழுத்தால் தீங்கில்லை. எங்கள் தலைக்கு மேல் பறந்த கிபிர், மிக்-27 விமானங்களின் இலக்கம் சி.எப். என்ற எழுத்துகளில் தொடங்கும். அது போர் விமானம் என்பதை அறிய எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. கண் ஏற்கெனவே அறிந்ததை, காது அதற்கு முன்பே அறிந்ததை, எழுத்து சொல்வதால் இரகசியம் போவதில்லை.

ஆகவே தேவை ஊமை இலக்கம். அதை எப்படிச் செய்வது? ஏற்கெனவே கையிலுள்ள பொருட்களுக்கு இலக்கமிடுவது தொழிற்சாலையில் புதிதாகச் செய்பவற்றுக்கு இடுவதை விட இலகு. ஏனெனில் எல்லாப் பொருளும் முன்னாலேயே இருக்கிறது. ஆறாயிரம் பொருட்கள் என்றால், பத்து இலட்சம் வரையான ஆறிலக்க எண்களிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல ஆறாயிரத்தை எழுந்தமானமாக எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே அவற்றை வழங்க வேண்டும். பாதுகாப்பான ஒரு பதிவேட்டில், இந்த இலக்கம் இந்தப் பொருள், அதன் தொழிற்சாலை இலக்கம் இது, இப்போது இன்னாரின் பொறுப்பில் என்று எழுத வேண்டும். எதிரி 417306, 052291, 880914 என்ற மூன்று இலக்கங்களைப் பார்த்தால் ஜேர்மன் டாங்கிக் கணக்கு அவனுக்குப் பத்து இலட்சத்துக்குப் பக்கத்தில் ஒரு விடையைத் தரும். அது எண் தொகுதியின் அளவு. படையின் அளவு அல்ல.

இங்கே பலர் விடும் ஒரு பிழை: முகாம் முகாமாகத் துண்டு பிரித்துக் கொடுப்பது. பலாலிக்கு 1000 முதல் 1999, வவுனியாவுக்கு 2000 முதல் 2999 என்று கொடுத்தால் ஊமை இலக்கம் மறுபடி பேசத் தொடங்கிவிடும். குலுக்கிய ஒரே பட்டியலிலிருந்து ஒவ்வொரு முகாமுக்கும் தேவையான அளவு சீட்டுகளை அனுப்புவதே சரி. பட்டியலை வைத்திருக்க முடியாத நிலையில் கணித வழியும் உண்டு. பதிவேட்டின் வரிசை எண்ணை 3707ஆல் பெருக்கி, கடைசி நாலு எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1க்கு 3707, 2க்கு 7414, 3க்கு 1121, 4க்கு 4828. பத்தாயிரம் வரை போனாலும் ஒன்று மற்றதோடு மோதாது. ஆனால் அடுத்தடுத்து இலக்கமிட்ட இரண்டு பொருட்கள் எதிரி கையில் கிடைத்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே உண்மையில் செய்பவர்கள் இந்தப் பெருக்கலுக்குப் பதிலாக இரகசியச் சாவியுள்ள மறைகுறி முறையைப் பாவிப்பார்கள். தத்துவம் ஒன்றுதான்.

குலுக்கி எடுத்த இலக்கமும் முழுப் பாதுகாப்பு அல்ல. இரணைமடுக் குளத்தில் எத்தனை மீன் என்று அறிய ஒரு வழி இருக்கிறது. 50 மீன் பிடித்து அடையாளமிட்டு விட வேண்டும். பிறகு மறுபடி 50 பிடிக்க வேண்டும். அதில் 10 அடையாளத்தோடு வந்தால், ஐந்தில் ஒன்று அடையாளமிட்டவை, ஆகவே குளத்தில் சுமார் 250. இலக்கத்தைப் பெரிதாக வெளியே எழுதிய வாகனங்களையும் வீதியோரத்தில் நின்று இப்படியே எண்ணலாம். இந்த மாதம் கண்ட 50, அடுத்த மாதம் கண்ட 50, இரண்டிலும் வந்தவை 10. எண்ணின் உருவம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, திரும்ப வருகிறதா என்பதே போதும். இதற்கு மருந்து ஒன்றுதான். வெளியே எழுதும் இலக்கம் வேறு, உள்ளே பொறிக்கும் நிரந்தர இலக்கம் வேறு. வெளியிலிருப்பதை அவ்வப்போது மாற்றலாம். உள்ளேயிருப்பதை மாற்றக்கூடாது. எந்த நாளில் எந்த வெளி இலக்கம் எந்த உள் இலக்கத்துக்குரியதாக இருந்தது என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆங்கில ஓவும் பூச்சியமும், ஐயும் ஒன்றும் குழம்பும். வோக்கியில் வாசிக்கும்போது இன்னும் மோசம். நானாக இருந்தால் எண்களை மட்டுமே பாவிப்பேன். கடைசியில் ஓர் எண்ணைச் சரிபார்ப்பு எண்ணாகச் சேர்ப்பேன். மற்ற எண்களிலிருந்து கணித்து வரும் எண் அது. ஓர் எண்ணை மாற்றி எழுதினால் கணக்கு ஒத்துவராது, அங்கேயே பிடிபடும். பதிவேட்டில் எழுத்துப்பிழை எவ்வளவு இலகுவாக நுழையும் என்பது மழைக்காலக் கூடாரத்துக்குள் இருந்து பதிவு எழுதிய எவருக்கும் தெரியும்.

இரும்பில் எழுதுவது

ஒட்டும் காகிதம் உரிந்துவிடும், மை அழிந்துவிடும். துவக்குக்கு இலக்கமிடுவதானால் உலோகத்தில் பொறிக்க வேண்டும். எல்லாப் பாகங்களும் பொருந்தியிருக்கும் நடு உடலில்தான் பொறிக்க வேண்டும். குழலையும் மற்றவற்றையும் கழற்றி மாற்றலாம், நடு உடலை மாற்றினால் அது வேறு துவக்கு. அச்சு வைத்து அடிப்பது பழைய முறை. புள்ளி புள்ளியாகக் குத்தும் இயந்திரமும் லேசரும் பின்னர் வந்தவை.

அடித்துப் பொறிப்பதில் ஒரு நன்மை உண்டு. அச்சு விழும்போது மேற்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை. அதற்குக் கீழேயுள்ள உலோகமும் நெரிபடுகிறது. யாராவது இலக்கத்தை அராவி அழித்தாலும், அளவுக்கு மேல் ஆழமாக அராவாவிட்டால், அமிலம் பூசி அந்த நெரிந்த உலோகத்தை மறுபடி வெளிக்காட்டலாம். தடயவியல் ஆய்வுகூடங்களில் வழக்கமாகச் செய்யும் வேலை இது. மேலோட்டமாக எரித்த லேசர் எழுத்தை அழித்துவிட்டால் மீட்பது கடினம்.

2005 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை சிறிய ஆயுதங்களைத் தடமறிவதற்கான சர்வதேச ஆவணம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. புதிதாகச் செய்யும் துவக்கில் செய்த நாடு, செய்தவர், தொடரிலக்கம் இருக்க வேண்டும், கண்ணால் வாசிக்கக் கூடியதாகவும் நிலைத்திருப்பதாகவும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அப்போது அரச படைகளின் கையில் ஏற்கெனவே இருந்த ஆயுதங்களுக்கும் முறையான அடையாளம் இட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அடையாளம் புதிய ஆயுதங்களின் விதிமுறையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. அதாவது நாம் மேலே பேசிய ஊமை இலக்கம் போதும். பதிவேடுகளை முடிந்தால் காலவரையின்றி வைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், உற்பத்திப் பதிவு 30 ஆண்டு, ஏனையவை 20 ஆண்டு.

இந்த ஆவணத்தின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். இது அரசியல் ரீதியான வாக்குறுதி, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமல்ல. வெடிபொருட்களை இது உள்ளடக்கவில்லை. எங்கள் சனங்களைக் கூடுதலாகக் கொன்றது துவக்கு அல்ல, எறிகணையும் குண்டும். எறிகணைகளுக்குப் பொதுவாக ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இடுவதில்லை, ஒரே தடவையில் செய்த பெருந்தொகைக்குச் சேர்த்து ஒரு தொகுதி இலக்கம்தான். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்பது வரை இரும்பு சொல்லும். எந்தப் பீரங்கி சுட்டது என்பதை இரும்பு சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது, இந்தத் தொகுதி இந்தக் களஞ்சியத்துக்கு வந்தது, இந்த நாளில் இந்தப் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்டது என்று எழுதிய விநியோகப் புத்தகம்.

பதிவேடு யார் கையில்

2018 ஓகஸ்ட் 9ஆம் திகதி யேமனின் தஹ்யான் நகரில் பாடசாலைப் பிள்ளைகள் போன பேருந்தின் மீது குண்டு விழுந்து 40 பிள்ளைகள் இறந்தார்கள். சிதறிய துண்டொன்றில் ஐந்து எழுத்துக் குறியீடு இருந்தது. அமெரிக்காவுக்கு வழங்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய அந்தக் குறியீட்டை எவரும் தேடிப் பார்க்கலாம். லொக்கீட் மார்ட்டின் என்ற பெயர் சில நாட்களில் வெளியே வந்தது. அதற்குக் காரணம் இலக்கம் மட்டுமல்ல, அந்தப் பதிவேடு திறந்திருந்தது.

மற்றக் கதை இதற்கு எதிரானது. 2014 யூலை 17ஆம் திகதி கிழக்கு உக்ரேனுக்கு மேலே மலேசிய விமானம் எம்.எச்.17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். ஏவுகணையின் பாகங்களை விசாரணையாளர்கள் 2018 மே மாதம் காட்சிக்கு வைத்தார்கள், அவற்றில் இலக்கங்கள் இருந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சு தன் பழைய பதிவேட்டை எடுத்து வந்தது. அந்த இலக்கமுள்ள ஏவுகணை 1986இல் செய்யப்பட்டு அப்போதைய சோவியத் உக்ரேனிலிருந்த படைப்பிரிவொன்றுக்கு அனுப்பப்பட்டது, ஆகவே அது உக்ரேனுக்குரியது என்றது. விசாரணையாளர்கள் மற்ற ஆதாரங்களை வைத்து வேறு முடிவுக்கு வந்தார்கள். 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகளாகக் கண்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இலக்கம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது, புத்தகம் ஒரு தரப்பின் அலுமாரியில் இருந்தது, வேண்டியபோது வேண்டிய பக்கத்தை மட்டும் அவர்கள் திறந்து காட்டினார்கள் என்பதுதான்.

எங்கள் ஊருக்கு வருவோம். வெள்ளை வானில் இலக்கத்தகடு இருக்கவில்லை. அது தற்செயல் அல்ல. இலக்கம் இருந்தால் பதிவேடு இருக்கும், பதிவேடு இருந்தால் பெயர் இருக்கும். 2016 யூனில் த கார்டியன் பத்திரிகை வன்னியில் எடுக்கப்பட்ட கொத்துக்குண்டுப் பாகங்களின் படங்களை வெளியிட்டது. ரஷ்யத் தயாரிப்பு என்பதை வல்லுநர்கள் அடையாளம் கண்டார்கள். கொத்துக்குண்டு பாவிக்கவில்லை என்பதே அரசின் நிலைப்பாடு. 2018இல் கொத்துக்குண்டுகளுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தில் இலங்கை சேர்ந்தும் கொண்டது. பாவித்தார்களா இல்லையா என்ற வாதத்தை வாயால் முடிக்க முடியாது. உறையின் தொகுதி இலக்கம், அதை விற்றவரின் ஏற்றுமதிப் பதிவு, இங்கே வந்திறங்கிய பதிவு, விநியோகப் புத்தகம் என்ற நாலையும் அடுத்தடுத்து வைத்தால் முடியும்.

இலக்கம் இருந்தும் புத்தகம் இல்லாத நிலைமை இரண்டு பக்கத்திலும் உண்டு. விடுதலைப் புலிகள் தம் போராளிகளுக்கு இலக்கத் தகடு அணிவித்தார்கள். 2023 யூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் எலும்புகளோடு அப்படியான தகடுகளும் எடுக்கப்பட்டன. மண்ணுக்குள் கிடந்தும் அழியாத இலக்கம். அந்த இலக்கத்துக்கு எதிரே எழுதியிருந்த பெயரை வாசிக்க ஒரு தாய் இன்னும் காத்திருக்கிறாள்.

எண்ணிக்கையை மறைக்கும் தேவைக்கும் ஒரு குறித்த பொருளின் வரலாற்றைச் சொல்லும் கடமைக்கும் இடையே மோதல் இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். ஊமை இலக்கமுள்ள படையிடம் ஒரு நீதிமன்றம், 417306 எந்தப் பிரிவின் பொறுப்பில் இருந்தது என்று கேட்கலாம். பதில் அந்த ஒரு பொருளைப் பற்றியது. மற்ற 5999 பற்றி ஒரு சொல்லும் வெளியே போகாது. ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டு எதிரி முழுவதையும் அறிந்துவிடுவான் என்று சொல்வார்களானால், பத்து இலட்சத்தில் ஆறாயிரம் மட்டுமே உண்மையான இலக்கம், குருட்டுத்தனமாகக் கேட்பவனுக்கு 160 தடவைக்கு மேல் கேட்டால் சராசரி ஒன்று அகப்படும். இதில் படைக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. இலக்கமொன்றைக் கற்பனையாக எழுதிப் பொய்க் குற்றச்சாட்டு வைப்பவன், பெரும்பாலும் இல்லாத இலக்கத்தையே எழுதுவான். ஆகவே எத்தனை என்ற கேள்விக்குத் தேசிய பாதுகாப்பு என்று பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். எது என்ற கேள்விக்கு அதே பதிலைச் சொன்னால், அது இலக்கமிடும் முறை தெரியாதவர் சொல்வது, அல்லது தெரிந்துகொண்டே சொல்வது.

காலம் ஒரு பக்கம் ஓடுகிறது. 2009இல் எழுதிய துவக்குப் பதிவொன்றை அந்த 20 ஆண்டு என்ற குறைந்தபட்சத்துக்கு மட்டும் வைத்திருந்தால், 2029இல் அதை அழிக்கத் தடையில்லை என்று யாரும் வாதிடலாம். நீதி கேட்பவர்கள் பதிவேடுகளை அழிக்காமல் பாதுகாக்கும்படி இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும். விசாரணை எப்போது தொடங்கும் என்பது வேறு விடயம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பங்கர் வெட்டிய இடத்திலும் வீட்டுக் கூரையிலும் கிடந்த இரும்புத் துண்டை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. வெடிக்காததாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் தொடாதீர்கள், கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். வெறும் சிதறல் என்று உறுதியானால், எல்லாப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள், பக்கத்தில் ஐந்து ரூபா குற்றி ஒன்றை வையுங்கள், அளவு தெரியும். எந்த இடத்தில், எந்த நாளில், யார் எடுத்தது என்று தனித்தாளில் எழுதி அதோடு வையுங்கள். எழுத்து விளங்காவிட்டால் உருவத்தை அப்படியே வரையுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். துருவைச் சுரண்டவோ மணற்கடதாசியால் தேய்க்கவோ வேண்டாம். அச்சு அடித்த இடத்தில் நெரிந்த உலோகம் துருவுக்குக் கீழே இன்னும் இருக்கக்கூடும்.